மொழிமுதல் ளகரம்

ரமளான் என்று எழுதுவோம்.
வுளூ என்று எழுதுவோம்.
அரபியின் ளாதுக்குத் தமிழில் கிடைத்த உடுப்பு
இந்த ளகரம்.
சொல்லின் நடுவில் நிற்கும், கடைசியில் நிற்கும்,
முதலில் நிற்காது.
இலக்கணம் விடாது.

வியாழக்கிழமை
கூத்தாநல்லூர் நிஸ்வான் மதரஸாவின் கரும்பலகையில்
அந்த வினைச்சொல்லை எழுதினேன்.
பின்வரிசையில் ஒரு சிரிப்பு:
"ளவுல தொடங்குது ஆலிமா!"
ளரப.
தொடங்கட்டும் என்றேன்.

வெள்ளி. ஜும்ஆ முடிந்து ஜமாஅத் அலுவலகம்.
திரைக்கு இந்தப் பக்கம் நான், மர்லியா,
அவள் மகள்,
ஓடாத ஒரு தையல் மிஷின்.
அந்தப் பக்கம் பதினோரு ஆண்கள், இரண்டு மின்விசிறிகள்.
மர்லியா அரிசி மில்லில் பில் போடுகிறவள்.
இடது மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை.
ஒற்றைக் கையால் மூட்டைக்கணக்குத் தட்டுகிறாள்,
ஒரு கிலோகூடப் பிசகுவதில்லை.

அவள் மாப்பிள்ளையின் பெரியத்தா
தர்ஜுமாவைப் பிரித்தார்.
நான்காம் அத்தியாயம், முப்பத்து நான்காம் வசனம்.
அடியுங்கள், என்று வாசித்தார்.
அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடாமல் வாசித்தார்:
இலேசாக.

அந்த இலேசாக அரபியில் எங்கே இருக்கிறது,
என்று திரையைக் கேட்டேன்.

மின்விசிறி மட்டும் பேசியது.

இல்லை. அரபியில் இல்லை.
எவரோ ஒரு மொழிபெயர்ப்பாளர்
முந்தைய சொல்லை எழுதியதும் கை கூசி,
இரண்டு கோடுகளை உள்ளங்கைகளாய் வளைத்து
நடுவில் தன் சொல் ஒன்றை வைத்திருக்கிறார்.
பெயர் தெரியாது.
அந்தக் கூச்சத்துக்கு என் ஸலாம்.
ஒரு மனிதர் தன் மனசாட்சியை வைக்க
அங்கே இடமிருந்தது என்றால்
நாங்கள் மட்டும் ஏன் செருப்பு விடும் இடத்திலேயே நிற்கிறோம்?

இறைவன் உவமை சொன்னான் என்ற இடத்திலும்
இதே ளரப.
நல்ல சொல் நல்ல மரம், வேர் ஆழம், கிளை வானில்.
அங்கே யாரும் அடி வாங்குவதில்லை.
பூமியில் பயணம் போனால் தொழுகையைச் சுருக்கலாம்
என்ற இடத்திலும் இதே ளரப.
அதை ஓதிவிட்டு யாரும்
பூமியை அடிக்கக் கம்பெடுத்ததில்லை.
வெண்ணாற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர்கள் நீங்கள்.
ஒரே மதகு, மூன்று வாய்க்கால்.
எங்கள் பக்கம் எப்போதும் ஏன் இந்த ஒன்று?

ரசூலுல்லாஹ் எந்தப் பெண்ணையும் கைநீட்டியதில்லை,
ஆயிஷா நாயகி சொன்னது,
என்று ஆரம்பித்தேன்.
தொண்டை அடைத்துக்கொண்டது.

ஹஜ்ரத் நல்லவர். மெல்லக் கேட்டார்:
பெரிய இமாம்களுக்குத் தெரியாததா, ஆலிமா?
தெரியும் ஹஜ்ரத்.
ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து எழுதவும்
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சம்பா நடவு முடியட்டும், பார்ப்போம்
என்று எழுந்துவிட்டார்கள்.

பாதி ஜெயித்தாற்போல்தான் இருந்தது எனக்கு.
மர்லியா வாசலில் செருப்பைத் தேடியபடி
"அகராதியப் பாத்துத்தான் லாத்தா
வலிச்சுச்சான்னு தெரிஞ்சுக்கணுமா?" என்றாள்.
என் பையில் ஏழு பக்கம் அர்த்தங்கள்.
ஒன்றிலும் அவள் மணிக்கட்டு இல்லை.

சனிக்கிழமை, பஜ்ரு தொழுது முசல்லாவை மடிக்குமுன்
கைப்பேசி.
லெட்சுமாங்குடி பாலத்திலிருந்து மர்லியா.
இரைச்சலுக்கு மேலே கத்தினாள்:
"அந்த வார்த்தைக்குப் போறதுன்னும் அர்த்தம் இருக்குன்னீங்கள்ல?
நான் அத எடுத்துக்கிட்டேன்."
அப்புறம் கண்டக்டரின் விசில்,
அப்புறம் மகள் ஏதோ கேட்பது,
அப்புறம் ஒன்றுமில்லை.

வகுப்பைத் திறந்தபோது
பலகையில் சொல் அப்படியே இருந்தது.
யாரோ ஒரு பிள்ளை
அதன் அருகே அடைப்புக்குறி போட்டு
உள்ளே எதுவும் எழுதாமல்
விட்டுப் போயிருந்தாள்.